சந்திரமதி என்பவர் நேரில் வரவும்

சொல்றேன். கேட்டுட்டீங்க, இனிமே சொல்லாம இருந்தா எனக்கும் மண்டை வெடிச்சிரும். ஆனா முதல்ல நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எந்த ஊரு? பத்திரிகையில வேலை இல்லையே? நூலகத் துறையில சொந்தக்காரங்க யாரும்? சரி, சரி. தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசமா எவரைப் பார்த்தாலும் இவரை யாரு அனுப்பியிருப்பாகன்னுதான் எனக்கு முதல்ல தோணுது. நல்ல மனுசனா இருந்தவன்தான் நான். இப்படி ஆக்கிவிட்டாக.

பேரு பால்வண்ணன். சொந்த ஊரு செவலூரு, நீங்க ஏறின ஸ்டாப்புக்கு முந்தின ஊரு. டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேன், முப்பத்தஞ்சு வருஷம். லைன்ல கோளாறுன்னா தூண் தூணாத் தேடிப் போறவன். இந்தத் தூண்ல இல்லையா, அடுத்த தூணு. ரிட்டயர் ஆனப்புறம் எங்க ஊருக் கிளை நூலகம்தான் எனக்கு எல்லாம். வாசகர் வட்டச் செயலாளர் நான்தான். பத்தொன்பது வருஷமா நான்தான். போட்டியே கிடையாது. போட்டி போடணும்னு ஒருத்தருக்கு ஆசை உண்டு, அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

நூலகத்துல பிள்ளைக பகுதியில ஒரு இரும்பு பீரோ இருக்கு. நான் வாங்கிக் குடுத்தது. வெள்ளைப் பெயிண்ட்ல ‘அன்பளிப்பு: இரா. பால்வண்ணன், தொலைபேசித் துறை’ன்னு எழுதியிருக்கும். அதுக்குள்ள பன்னெண்டு தொகுதி. நான் சின்னப்பிள்ளையில ‘பட்டாணி’ன்னு ஒரு வாரப் பத்திரிகை வந்துச்சு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, எட்டு வருஷத்துல நின்னு போச்சு. அதுல ஒரு இதழ் விடாமச் சேர்த்து வச்சிருந்தேன். கரையான்கிட்டேருந்து காப்பாத்தி, மழையிலேருந்து காப்பாத்தி, கடைசியா என் வீட்டுக்காரிகிட்டேருந்து காப்பாத்தி, பைண்டிங் பண்ணி நூலகத்துக்குக் குடுத்தேன்.

அந்தப் ‘பட்டாணி’யில கடைசிப் பக்கம் ஒரு படக்கதை வரும். ‘கரிச்சட்டி கண்ணாத்தா’. சமையக்காரி. கன்னங்கரேல்னு குண்டா இருப்பா, உதடு மட்டும் செக்கச்செவேல்னு போட்டிருப்பாக. வாராவாரம் எதையாவது உடைப்பா, கொட்டுவா, வழுக்கி விழுவா. கடைசிக் கட்டத்துல எசமானியம்மா கரண்டியால மண்டையில ஒண்ணு போடும். ‘ணங்’னு எழுதியிருக்கும். அம்புட்டுதான் கதை. அந்த ‘ணங்’குக்காக நாங்க ஒரு வாரம் காத்துக் கிடப்போம். இதுல என்னங்க தப்பு? சிரிச்சோம். சிரிக்கிறதுல என்ன தப்பு?

ஆடி மாசம் ஒரு திங்கக்கிழமை. நூலகர் மெர்லின் மேடம் கூப்பிட்டு ஒரு கடுதாசியைக் குடுத்தாக. சின்ன வயசுப் பொண்ணு, வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. “சார், ஒரு வாசகர் மனு குடுத்திருக்காங்க. வாசகர் வட்டம் கூடி கருத்து சொல்லணும், அப்புறம்தான் ஜில்லா ஆபீசுக்கு அனுப்ப முடியும்”னாக. வாங்கிப் படிச்சேன். எனக்கு இப்பவும் வரிக்கு வரி ஞாபகமிருக்கு.

‘பட்டாணி தொகுதிகளில் வரும் படக்கதை கறுத்த, பருத்த ஒரு பெண்ணை வாரந்தோறும் அடித்துச் சிரிக்க வைக்கிறது. அந்தக் காலத்தில் அது தப்பாகத் தெரியாமல் போயிருக்கலாம். இப்போது அதைப் படித்த பிள்ளைகள் வகுப்பில் ஒரு சிறுமிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறது. எனவே அந்தத் தொகுதிகளைக் குழந்தைகள் பகுதியிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ப. சந்திரமதி, வாசகர்.’

விலாசம் கிடையாது. போன் நம்பர் கிடையாது. சந்திரமதி. யாருங்க அது? செவலூரு என்ன பட்டணமா? மூவாயிரம் தலைக்கட்டு. டெலிபோன் கனெக்‌ஷன் குடுக்க நான் ஏறி இறங்காத வீடு கிடையாது. எனக்குத் தெரியாம ஒரு சந்திரமதியா?

“மேடம், யாரு இது?”ன்னேன்.

“உறுப்பினர்தான் சார். கார்டு இருக்கு.”

“எந்தத் தெரு?”

“அதையெல்லாம் நான் சொல்லக்கூடாது சார். வாசகர் விவரம்.”

பார்த்தீங்களா? பத்தொன்பது வருஷச் செயலாளர்கிட்டயே விவரம் சொல்ல மாட்டாகளாம். மடியில கனமில்லைன்னா வழியில என்ன பயம்? அப்பவே எனக்குள்ள ஒண்ணு உறுத்துச்சு. இந்தம்மாதான் ஆளா இருக்குமோ? போட்டித் தேர்வுப் புத்தகம் வைக்க இடமில்லை, இடமில்லைன்னு ஆறு மாசமாப் புலம்பிக்கிட்டிருந்தாக. என் பீரோவைக் காலி பண்ண இவுகளே ஒரு சந்திரமதியை உண்டாக்கிட்டாகளோன்னு நினைச்சேன்.

அப்புறம் கையெழுத்தைப் பார்த்தேன். மெர்லின் மேடம் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். மனுவுல எழுத்து குண்டு குண்டா, ரெட்டைக் கோடு நோட்டுல எழுதினாப்புல. ஆகவே அவுக இல்லை. அடுத்த தூணு.

அடுத்தது உச்சிமாகாளி. வருவாய்த் துறையில இருந்து ரிட்டயர் ஆனவரு. நான் சொன்னேனே, ஆசைப்படுறவருன்னு, அவருதான். ஆளைப் பிடிக்கவும் தெரியும், ஆள் வச்சு மனு எழுதவும் தெரியும். நாலு நாள் அவரு பின்னாடியே போய்ப் பார்த்தேன். காலையில நடைப்பயிற்சி, கோயில், பேப்பர். ஒண்ணும் சிக்கலை. சிக்காத ஆளுதான் ஆபத்தான ஆளு. அதையும் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல எனக்கு உக்காந்து யோசிக்க ஒரு இடம் வேணுமில்லையா. நூலகத்துக்கு எதிர்த்தாப்புல டீக்கடை. கண்ணாத்தா டீக்கடை. என்ன முழிக்கிறீங்க? ஆமா, அதே பேருதான். அது ஒரு தமாஷ்.

அவளும் நானும் அஞ்சாங்கிளாஸ்ல ஒண்ணாப் படிச்சோம். ஆளு நல்ல கறுப்பு, கொஞ்சம் பூசுன உடம்பு. ஒருநாள் வகுப்புல மசிக்கூட்டைத் தட்டி விட்டுட்டா. நான்தான் எந்திரிச்சு ‘ணங்! கரிச்சட்டி கண்ணாத்தா!’ன்னேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரிச்சுச்சு. வாத்தியாரே சிரிச்சுட்டாரு. அப்புறம் அவரும் அப்படித்தான் கூப்பிட்டாரு. ஊரும் கூப்பிட்டுச்சு. நாளடைவுல கரிச்சட்டி உதிர்ந்து போய் வெறும் கண்ணாத்தா ஆயிருச்சு. கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் போட்டிருந்ததா யாரோ சொன்னாக. ஒரு ஊரே பிரியமாக் கூப்பிடுற பேரு. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தக் குடுப்பினை? நான் வச்ச பேருங்க அது. ஆனா பாவம், படிப்பு ஏறலை. ஆறாவதுல நின்னுட்டா.

நல்ல மனுசி. என்னைவிட நாலு மாசம் மூப்பு, ஆனாலும் என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவா. நான் அவளை நீ, வா, போன்னுதான். சின்ன வயசுப் பழக்கம். எனக்கு எப்பவும் சீனி கம்மி, டிகாக்‌ஷன் தூக்கலா. சொல்லவே வேண்டாம்.

அவகிட்டதான் எல்லாத்தையும் கொட்டுவேன். வேற யாரை நம்புறது?

“கண்ணாத்தா, சந்திரமதின்னு யாராவது உனக்குத் தெரியுமா? கடைக்கு ஆயிரம் பேரு வருவாக. காதுல விழுந்துச்சா?”

டீயை ஆத்திக்கிட்டே இருந்தா. “அப்படி யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை அண்ணாச்சி”ன்னா.

“வெளியூர்க்காரியா இருக்குமோ?”

“இருக்கலாம்.”

“ஏதாவது கட்சியா இருக்குமோ? இல்லை, இந்த சங்கம் கிங்கம்னு...”

“கண்டுபிடிச்சா என்ன செய்வீக?”

“நேருக்கு நேரா நிறுத்தி நாலு கேள்வி கேப்பேன். ஒரு பொம்பளை மொட்டைக் கடுதாசி எழுதி ஒரு நூலகத்தையே ஆட்டி வைக்கிறதா? பேரு வச்சிருக்கா பாரு, சந்திரமதி! ராணி வேஷம் கட்டுன மாதிரி. நெசப் பேராவே இருக்காது.”

அவளுக்கென்ன தெரியும் இந்த அரசியலெல்லாம். க்ளாஸைக் கழுவிக் கவுத்தா. இன்னொரு டீ போடவான்னு கேட்டா.

இப்படியே ஒரு மாசம். நூலகத்து வருகைப் பதிவேடு இருக்கில்லையா, உள்ளே போறவுக எல்லாரும் கையெழுத்துப் போடணும், அதை மூணு மாசத்துக்குப் பின்னாடி வரைக்கும் புரட்டினேன். சந்திரமதியே கிடையாது. கையெழுத்துப் போடாம உள்ளே வந்து போற ஆளு யாரு? கூட்டிப் பெருக்குறவுக, தண்ணி கொண்டாறவுக, டீ கொண்டாறவுக. அவுகளை எதுக்குக் கணக்குல சேக்குறது. அப்ப ஆளே வராம கார்டு மட்டும் இருக்குன்னா என்ன அர்த்தம்? போலி. சுத்தப் போலி.

கடைசியில ஒரு முடிவு எடுத்தேன். அறிவிப்புப் பலகையில ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். ‘மனு அளித்துள்ள சந்திரமதி என்பவர் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நேரில் வரவும். தவறினால் மனு தள்ளுபடி செய்யப்படும்.’ பெருசா எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டேன். ஒட்டப் பசை இல்லை. கண்ணாத்தாதான் ஒரு கரண்டி மைதாவைக் கரைச்சு, அடுப்புல காய்ச்சி, ஒரு சிரட்டையில ஊத்திக் குடுத்தா. ஒட்டினதை எதிர்ப்பக்கத்துலேருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னா.

“தெளிவாத் தெரியுதா?”ன்னேன்.

“நல்லாத் தெரியுது அண்ணாச்சி. எழுத்து பெருசு”ன்னா.

ஞாயித்துக்கிழமை. பதினோரு உறுப்பினர்ல ஒன்பது பேர் வந்துட்டாக. நான் முழுத் தயாரிப்போட போனேன். பேச வேண்டியதை நாலு பக்கம் எழுதி வச்சிருந்தேன். “மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறதா?”ன்னுதான் ஆரம்பிச்சேன். கை தட்டினாக. “இன்னைக்குக் கரிச்சட்டி வேண்டாம்பான். நாளைக்கு ராட்சசன் கதை வேண்டாம்பான், ராட்சசனுக்கு மனசு புண்படுதுன்னு. பழைய காலத்துல இப்படித்தான் சிரிச்சோம். அதை மறைச்சுட்டா அப்படி நடந்ததே இல்லைன்னு ஆயிருமா?” இதை நான் நெசமாவே நம்புறேங்க. இப்பவும்.

ஜெராக்ஸ் கடை காஜா மைதீன் பாய் என் பக்கம். “யார் கேட்டாலும் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தா கடைசியில பீரோதான் மிஞ்சும்”னாரு. உச்சிமாகாளி மட்டும் மெதுவா, “இருக்கட்டும், ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகலைன்னு எழுதியிருக்கே, அது யாருன்னு விசாரிச்சோமா?”ன்னு கேட்டாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்! எனக்குத் தெரியாதா அவரு எங்க வர்றாருன்னு. நான் விசாரிக்கலைதான். நான் மனு குடுத்த ஆளை விசாரிச்சேன். அதுதானே முறை?

மெர்லின் மேடம், “எரிக்கணும், கிழிக்கணும்னு யாரும் கேக்கலை சார். பெரியவங்க பகுதியில வச்சு, முன்பக்கம் ஒரு குறிப்பு ஒட்டலாம். இந்தக் கதை எந்தக் காலத்துது, இதுல என்ன தப்புன்னு”ன்னாக.

“மாத்திரை டப்பாவுல குறிப்பு ஒட்டியிருக்கு. யாரு படிக்கிறோம்?”

“சரி சார். நீங்க கடைசியா அந்தக் கதையை எப்பப் படிச்சீங்க?”

“எனக்கு மனப்பாடம்மா!”ன்னேன். எல்லாரும் சிரிச்சாக. முப்பது வருஷமா நான் புரட்டிப் பார்க்கலைங்கிறதை எதுக்குச் சபையில சொல்லணும்?

அப்பத்தான் டீ வந்துச்சு. கண்ணாத்தா தூக்குவாளியும் க்ளாஸுமா வாசல்ல நிக்கிறா. கொஞ்சம் பொறுன்னு கை காட்டிட்டு, நான் எந்திரிச்சேன். கோர்ட்டுல கூப்பிடுற மாதிரி மூணு தடவை கூப்பிட்டுரணும், அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது. “ப. சந்திரமதி!” பதில் இல்லை. “ப. சந்திரமதி!” பதில் இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. “ப. சந்திரமதி!”

“உள்ளேன் ஐயா.”

வாசல்லேருந்து. கண்ணாத்தா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நான்தான் பலமாச் சிரிச்சேன். “ஏய் கண்ணாத்தா, விளையாடாத, டீயைக் குடு”ன்னேன். அவ சிரிக்கலை. வாளியைக் கீழே வச்சா. மெர்லின் மேடமும் சிரிக்கலை. எந்திரிச்சுப் போய் ஒரு நாற்காலியை எடுத்து அவளுக்குப் போட்டாக. ஒவ்வொருத்தராச் சிரிப்பை நிறுத்தினாக. கடைசியா நிறுத்தினது நான்தான்.

“நான்தான் மனு எழுதினேன். பரமசிவம் மக சந்திரமதி”ன்னா.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? ஆள் மாறாட்டமா இருக்கலாமில்லையா? உச்சிமாகாளி சொல்லிக் குடுத்திருக்கலாமில்லையா? நான் செயலாளர். எனக்குப் பொறுப்பு இருக்கு. “அதுக்கு என்ன ஆதாரம்?”ன்னு கேட்டேன். கேட்டுத்தான் ஆகணும். காஜா பாய் கூட, “விடுங்க பால்வண்ணன்”னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாரு. அவ ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போனா. ஒன்பது பேரும் அப்படியே உக்காந்திருக்கோம், டீ ஆறுது. ஆதார் அட்டையைக் கொண்டாந்து என் கையில குடுத்தா. வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சும் பார்த்தேன். சந்திரமதி. அவ போட்டோதான்.

அப்புறம் பேசினா. அவ அம்புட்டு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

“எனக்கு இந்த வயசுக்கு மேல பேரு என்னவா இருந்தா என்ன அண்ணாச்சி. பழகிப் போச்சு. என் பேத்தி தர்ஷினி அஞ்சாங்கிளாஸ் படிக்கா. அவகிட்ட இது நம்ம குலசாமி பேருன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இங்கேருந்து ஒரு தொகுதியைத் தூக்கிட்டு வந்தா. படிச்சுட்டு, ‘ஆச்சி, குலசாமி ஏன் கரண்டியால அடி வாங்குது?’ன்னு கேட்டா. மறுநாள் வகுப்புல எவனோ அவளைக் ‘குட்டிக் கண்ணாத்தா’ன்னுட்டான். அவளும் என்னைய மாதிரி கறுப்பு. அன்னையிலேருந்து வயித்துவலிங்கா, தலைவலிங்கா, பள்ளிக்கூடம் போக மாட்டேங்கா. நான் ஆறாவதுல எதுக்கு நின்னேன்னு எனக்குத்தான் தெரியும். அவ நிக்கக் கூடாது. புத்தகத்தை அழிக்க வேண்டாம். பெரியவுக படிக்கட்டும், படிச்சுட்டு யோசிக்கட்டும். பிள்ளைக கையில குடுக்காதீக. அம்புட்டுதான்.”

அப்புறம் அவளே சொன்னா:

“எனக்கு அந்தப் பேரை யாரு முதல்ல வச்சாகன்னு ஞாபகமில்லை. அவுகளும் சின்னப்பிள்ளைதான், கோவமில்லை. ஆனா யாராவது ஒருத்தர் எந்திரிச்சு ‘நான்தான்’னு சொன்னா நல்லாயிருக்கும்னு எப்பவாவது தோணும்.”

எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாக. நான் ஃபேனைப் பார்த்தேன். ஏற்கெனவே ரெண்டு தடவை எந்திரிச்சுப் பேசியாச்சு. செயலாளரே சும்மா சும்மா எந்திரிச்சா நல்லாயிருக்குமா?

கை தூக்கச் சொன்னாக. எட்டுக் கை. காஜா பாய் கையும். தொகுதிக பெரியவங்க பகுதிக்குப் போகணும், குறிப்பு ஒட்டணும், ஜில்லா ஆபீஸ் ஒப்புதல் வாங்கணும். எடுத்துட்டுப் போய்க் காட்டி ஒப்புதல் வாங்குறது செயலாளர் வேலை. சரின்னு பன்னெண்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எதெதுல அந்தக் கதை வருதுன்னு பட்டியல் போடணுமாம். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் புரட்ட ஆரம்பிச்சேன்.

ஒண்ணு சொல்றேன், நம்புவீங்களோ என்னமோ. எனக்குச் சிரிப்பு வரலை. முதல் தொகுதி பூராப் பார்த்தேன், வரலை. வயசாயிட்டுதோன்னு நினைச்சேன். ரெண்டாவது பார்த்தேன். ணங், ணங், ணங். இதுக்கா ஒரு வாரம் காத்துக் கிடந்தோம்னு இருந்துச்சு.

மூணாவது தொகுதி. நடுவுல ஒரு பக்கத்துல ஏதோ அடையாளம் வச்சிருந்துச்சு. டீத்தூள் பாக்கெட்டுக் கவரை நீளமாக் கிழிச்சு வச்சது. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கண்ணாத்தா படத்துக்குப் பக்கத்துல ஊதா எழுத்து. அப்பல்லாம் ஒரு பென்சில் இருக்கும், நாக்குல தொட்டு எழுதினா ஊதாவா விழும், அழிக்கவே முடியாது. ‘இது எங்க கிளாஸ் ப. சந்திரமதி. இன்று முதல் இவள் கண்ணாத்தா. இப்படிக்கு, இரா. பால்வண்ணன், 5 ஆ பிரிவு.’ தேதி வேற போட்டிருக்கேன்.

என் எழுத்துதான். மறுக்க முடியாது.

அப்ப எனக்கு அவ பேரு தெரிஞ்சிருக்கு. தொகுதியைப் பட்டுன்னு மூடினேன். வீட்டுக்காரி என்னன்னு கேட்டா, புழுக்கம்னேன். வெக்கமா இருந்துச்சு. மறைக்க மாட்டேன், வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா அடுத்த நிமிஷமே என் புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. டீத்தூள் கவரு. பேத்தி கொண்டு வந்தது இந்தத் தொகுதிதான். அப்படின்னா மனு எழுதுறதுக்கு முன்னாடியே அவ இதைப் பார்த்திருக்கா. யாரு பேரு வச்சதுன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் ஒரு மாசம் டீ போட்டுக் குடுத்திருக்கா. தெரிஞ்சுக்கிட்டேதான் ‘கண்டுபிடிச்சா என்ன செய்வீக’ன்னு கேட்டிருக்கா. பசை காய்ச்சிக் குடுத்திருக்கா! சபையில நின்னு ‘ஞாபகமில்லை’ன்னு வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்கா பாருங்க. மனுவுல என் பேரை ஒரு வரி எழுதியிருந்தா நான் தலை தூக்க முடியாது. எழுதலை. ஏன் எழுதலை? அதுதான் எனக்கு விளங்கலை. ஒருத்தி கையில கத்தியை வச்சுக்கிட்டு வெட்டாம இருக்கான்னா, அதுல ஏதோ கணக்கு இருக்கணுமா இல்லையா?

மெர்லின் மேடம் பார்த்திருப்பாகளா? உச்சிமாகாளிக்குத் தெரியுமா? இனி பெரியவங்க பகுதிக்குப் போனா, குறிப்பு ஒட்டி வச்சா, வர்றவன் போறவன் எல்லாம் எடுத்துப் புரட்டுவான். அதனாலதான் இந்தப் பயணம். இதோ, பன்னெண்டும் மேலே லக்கேஜுல இருக்கு. மூணாவது மட்டும் என் பையில தனியா. ஜில்லா ஆபீஸ்ல சொல்லப் போறேன், இந்தத் தொகுதி ரொம்பச் சிதிலமாயிட்டுது, அன்பளிப்புக் குடுத்தவன்கிற முறையில நானே திரும்ப எடுத்துக்கிறேன்னு. புத்தகத்தை எடுக்கக் கூடாதுன்னு பேசினவன்தான், இல்லைங்கலை. ஆனா அது பொது விஷயம். இது வேற. எல்லாத்தையும் எல்லாரும் படிச்சுத்தான் ஆகணுமா? சில பழசை எடுத்துர்றதுதான் நல்லது.

காலையில பஸ்ஸுக்கு அவ கடையைத் தாண்டித்தான் வரணும். தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தேன். பேத்தி சீருடையோட பெஞ்சுல உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருக்கு, பள்ளிக்கூடப் பை பக்கத்துல. போக ஆரம்பிச்சிருச்சு போல. அவளே கூப்பிட்டா.

“ஜில்லா ஆபீசுக்கா அண்ணாச்சி?”

“ஆமா.”

“மூணாம் தொகுதியும் போகுதா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“பத்திரமாத் திரும்பக் கொண்டாந்துருங்க”ன்னா. கோவமா இல்லைங்க, சாதாரணமாத்தான் சொன்னா. டீயை ஆத்திக்கிட்டே சொன்னா. “இந்த ஊர்ல என் பேரை ஒருத்தர் தப்பில்லாம எழுதி வச்சது அதுல மட்டும்தான்.”

நான் பஸ் வந்துட்டுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ் வரலை. ஸ்டாண்டுல முக்கா மணி நேரம் நின்னேன்.

இதுக்கு என்ன அர்த்தம்னு நானும் ஏறினதுலேருந்து யோசிக்கேன். ஆபீஸ்ல போய் என்ன சொல்றது, திரும்பக் குடுக்கச் சொல்றதா, வேண்டாங்கிறதா, ஒண்ணும் ஓடலை. அதைக்கூட விடுங்க. சாயங்காலம் நாலரை பஸ்ஸுல திரும்பினா நேரா அவ கடை வாசல்ல கொண்டு போய் இறக்கிருவான். பார்த்தா ஏதாவது சொல்லணும். சொல்றதுன்னா முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடணும். நான் முந்தின ஸ்டாப்புலயே இறங்கி நடந்துரலாம்னு இருக்கேன். ரெண்டு கிலோமீட்டர்தான்.